கறுத்த டொலர்

அவரிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார். நன்றி பிறகுதான். ஒரு பிறந்தநாளுக்கு, மாதா கோயில் மண்டபத்தில் யாரோ பீங்கான் கோப்பை ஒன்றைப் பொதி சுற்றிக் கொடுத்தபோது, அதன் அடியைத் திருப்பி, விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டி, "இது பாவிச்ச கோப்பை" என்றார். கொடுத்தவள் சிரித்துச் சமாளித்தாள். மேசையில் பதினொரு பேர் இருந்தோம். பதினொரு பேரும் கேக்கைப் பார்த்தோம். கோப்பை அவளுடைய வீட்டு அலுமாரியிலிருந்து வந்ததுதான் என்பது பிறகு தெரிந்தது. அதற்குப் பின் அவருக்கு ஒருவரும் பரிசு கொண்டுபோகவில்லை.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஒஸ்லோவின் அம்மருட்டிலிருந்து மட்டும் பத்துப் பேராவது தொலைபேசி எடுத்து, "அண்ணை, அதை ஏன் இப்ப கிண்டுறியள்?" என்று கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் அவரைக் 'கண்ணாடி அன்ரி' என்று சொல்வார்கள். மற்றப் பெண்கள் சிலுவை போட்ட சங்கிலி அணியும் இடத்தில் அவர் ஒரு கறுப்பு நூலில் மடிப்புக் கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். பொருளைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி. மன்னார்ப் பெண். இருபத்தாறு வருடம் ஒஸ்லோவில் ஒரு பல் கட்டும் கூடத்தில் வேலை செய்தவர். ஒரு விளக்குக்குக் கீழே பொய்ப் பல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்டுபிடிப்பது அவருடைய தொழில். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதிலும் எல்லா நாணயங்களையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடித்த புரூஃப் நாணயங்கள் மட்டும். கடையில் கொடுத்து மாற்றுவதற்காக அடித்தவை ஒரு வகை. சேகரிப்பவர்களுக்கென்று, அச்சையும் வெள்ளித் தட்டையும் முதலில் பளபளப்பாக்கி, ஒன்றுக்கு இரண்டு முறை அழுத்தி அடித்தவை இன்னொரு வகை. அந்த இரண்டாவதுதான் புரூஃப். உருவமும் எழுத்தும் இல்லாத அதன் வெற்றிடம் முகம் பார்க்கும் கண்ணாடி போல இருக்கும். சிக்கல் என்னவென்றால், புதிய அச்சில் முதலில் விழுகிற சாதாரண நாணயங்களும் சிலவேளை கண்ணாடி போலத்தான் இருக்கும். எது எது என்று பிரிப்பதில் ஆட்கள் ஆயுளைச் செலவழிக்கிறார்கள் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் தபால் பிரிக்கும் இடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். எனக்கு எண்ணத் தெரியும். பிரிக்கவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் மீன் ரோல்ஸும் தேத்தண்ணியும் போய்க்கொண்டிருந்தது. லில்லெஸ்ட்ரோமிலிருந்து வரும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர் ஒருவர் வெல்வெட் பெட்டியோடு அவரிடம் வந்தார். நல்ல பிள்ளை. நாங்கள் 'கதைக்க' என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் 'பேசுறது' என்று சொன்னால், அது எங்களுக்கு ஏசுவது என்பதால், எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரும்.

"மேடம், இது ட்ரேட் டாலர். ப்ரூஃப். ஆன்லைன்ல வாங்கினேன். சர்ட்டிஃபிகேட் கூட இருக்கு, பாருங்க."

கண்ணாடி அன்ரி கைப்பையிலிருந்து, மற்றவர்கள் பவுடர் டப்பா எடுப்பதுபோல, சிறிய மின்தராசு ஒன்றை எடுத்து மீன் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நிறுத்தார். பிறகு நாணயத்தின் ஓரத்தை நான்கு நிமிடம் பார்த்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபத்தேழு கிராமுக்குக் கொஞ்சம் மேலை இருக்கவேணும் தம்பி. இது இருபத்திரண்டு."

"பழசு இல்லையா மேடம், தேஞ்சிருக்கலாமே?"

"அஞ்சு கிராம் தேய்ஞ்சா காசிலை இருக்கிற இந்தப் பொம்பிளையின்ரை முகம் எங்கை கிடக்கும்? மூக்குக் கூரா நிக்குது பாருங்கோ. இது வார்ப்பு."

"அப்போ சர்ட்டிஃபிகேட்?"

"அது நல்ல கடதாசி. கவனமா வையுங்கோ."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து தன்னுடைய ட்ரேட் டொலர் ஒன்றை எடுத்து அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில், எழுத்தெல்லாம் மழுங்கிப்போய், பார்க்க ஒரு பொத்தான் போல இருந்தது. "இதிலை 1880 எண்டு கிடக்குதோ? அந்த வருசம் இந்த டொலரைப் புழக்கத்துக்கு அடிக்கேல்லை. சேகரிக்கிறவைக்கு மட்டும் அடிச்சவை. ஆரோ ஒருத்தன் கஷ்டத்திலை கொண்டுபோய்ச் செலவழிச்சுப்போட்டான். ஆற்றையெல்லாமோ காற்சட்டைப் பைக்குள்ளை கிடந்து இப்பிடியாப் போச்சு. எண்டாலும் புரூஃப்தான்."

"இவ்ளோ அழுக்கா இருந்தாலுமா?"

"அது பிறந்த விதம் தம்பி. கழுவி வாறதில்லை."

அவருடைய கண்ணுக்கு முன்னால் கோயிலுக்கும் சலுகை இல்லை. வசதியான ஒருவர், தகப்பனின் நினைவாக ஆறு வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளைப் பீடத்துக்குக் கொடுத்தார். அவற்றைத் துலக்குவது என் பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் மடுமாதா திருநாளுக்கு முந்தின வாரம், ஊரில் செய்தது போலவே பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். விபூதிப் புதனுக்குக் குருத்தோலை எரிக்கிறவனும் நான்தான். மிஞ்சுகிற சாம்பலைத் துணியில் அரித்து ஒரு போத்தலில் வைத்திருப்பேன். மா போல இருக்கும். மூன்றாம் வருடம் கண்ணாடி அன்ரி வந்து ஒரு தண்டைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் பங்குச் சுவாமி நிற்கிறார், கொடுத்தவரும் நிற்கிறார்.

"வெள்ளி இல்லை. பித்தளைக்கு மேலை பூச்சு" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் இன்னும் ரெண்டு தரம் இப்பிடி மினுக்கினால் மஞ்சள் வெளியிலை வந்திடும்."

கொடுத்தவர் அதற்குப் பிறகு வேறு பங்குக்குப் பூசைக்குப் போனார். சுவாமி ஒரு மாதம் அன்ரியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்தானே தங்கச்சி" என்று நான் கேட்டேன். "சுவாமி கேட்டவர் அண்ணை. வெள்ளியோ எண்டு என்னட்டைக் கேட்டவர்" என்றார். கேட்டால் பார்ப்பார். பார்த்தால் சொல்வார். பார்த்தும் பிடிபடாவிட்டால், "தெரியாது" என்பார். அந்தத் தெரியாதை அவர் வெட்கமில்லாமல், மற்றவர்கள் தங்கள் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்.

இதை நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், அவருடைய தாயின் சங்கதி நடக்கும்வரை.

அவருடைய தம்பி போரின் கடைசியில் காணாமல் போனவன். தாய் அப்போது அம்மருட்டில் மகளோடு, ஒன்பதாம் மாடியில் இருந்தார். ஒரு நாள் யாரோ ஒருவர் மூலம் ஒரு படம் வந்தது. முட்கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஆண்கள். நான் எண்ணினேன், பதினாலு பேர். இரண்டாம் வரிசையில் முகத்தில் பாதி மட்டும் தெரிகிற ஒருவனைக் காட்டி, "என்ரை பிள்ளை" என்றார் தாய். அயலவர்கள் வந்து பார்த்தார்கள், எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன். நான் அந்தத் தம்பியை ஒருநாளும் கண்டவன் அல்ல.

மகள் படத்தை இரண்டு நாள் வைத்திருந்தார். ஏழு பழைய குடும்பப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் தாயின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, காது வேறை. இது அவனில்லை" என்றார்.

தாய் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, நீயாவது சொல்லு. ஓம் எண்டு அவள் ஒரு சொல்லுச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்? நான் எத்தினை நாளைக்கு இருக்கப்போறன்?" நான் குசினிக்குப் போய் அதையே மகளிடம் கேட்டேன். அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "நான் ஓம் எண்டால் ஆள் கிடைச்சிட்டான் எண்டு எழுதிப்போடுவினம் அண்ணை. பிறகு அவனை ஆர் தேடுவினம்?"

தாய் அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். மகளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. மகள் ஊட்டிய சோற்றை வாங்கினார், மருந்தை வாங்கினார், கதைக்கவில்லை. ஒன்பது மாதம் என்பது இருநூற்று எழுபது நாளுக்கு மேல். அவரோ ஒவ்வொரு தை மாதமும், காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்குத் தம்பியின் அடையாளங்களை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். இடது காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கும் என்ற வரியை அவர் எழுத, நான் நோர்வேஜிய மொழியில் திருத்திக் கொடுப்பேன்.

இனி அந்த டொலரைப் பற்றி.

இங்கே இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடங்களில் பழம்பொருள் சந்தை போடுவார்கள். பிள்ளைகளின் பாண்ட் வாத்தியத்துக்குக் காசு சேர்க்க. அப்படி ஒரு சந்தையில் ஒரு டின் நிறையப் பழைய பொத்தான் வாங்கினார். அதன் அடியில் கிடந்தது. 1886 என்று போட்ட அமெரிக்க வெள்ளி டொலர், கறுத்துப்போனது. அந்தக் காலத்தில் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், சரிவராமல் திரும்பி வந்த யாரோ கொண்டுவந்ததாக இருக்கும். அதை அவர் எனக்கு ஒருமுறை காட்டினார். ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு, ஒற்றைப் பழைய மின்குமிழைப் போட்டு, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்லச் சாய்த்தார். கறுப்புக்கு அடியிலிருந்து ஒரு வெளிச்சம் புறப்பட்டு, விளிம்பில் நீலமாகி, மறைந்தது. மறுபடி சாய்த்தார். மறுபடி வந்தது.

"புரூஃபோ?" என்றேன்.

"தெரியாது."

"எத்தினை வருசமாப் பாக்கிறியள்?"

"ஆறு. எழுத்துக்கு நடுவிலை கண்ணாடி இருக்கிற மாதிரிக் கிடக்கு. விளிம்பு நல்ல சதுரம். ஆனா தோட்டத்திலை கூலிக்கு நிண்ட ஒருத்தனிட்டைப் புரூஃப் ஏன் வரப்போகுது எண்டும் யோசினை வருது."

"ஆரும் பெரியாக்களுக்கு அனுப்பிக் கேளுங்கோவன்."

"கேக்கலாம். முதல் நான் சொல்லவேணும், பிறகு அவை சொல்லட்டும். எனக்கு இது ஒண்டுதான் மிச்சம் அண்ணை, நானாக் கண்டுபிடிக்க."

இது நடந்து ஐந்து வருடத்தில் அவருடைய கண் பழுதாகத் தொடங்கியது. பார்வையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு போகும் நோய். மாதத்துக்கொரு தடவை கண்ணுக்குள் ஊசி. "நேரை பாத்தா ஆள் இல்லை. பக்கத்தாலை பாத்தா ஆள் நிக்குது" என்று சொல்லிவிட்டு, தலையை இடது பக்கம் திருப்பிக்கொண்டு என்னைப் பார்ப்பார். யாரோடோ கோபித்துக்கொண்டவர் போல இருக்கும். வேலையை விட்டுவிட்டார். மற்ற எல்லா நாணயங்களையும் மறந்து, அந்த ஒரு டொலரையே பகலில் ஒரு மணித்தியாலம் பார்த்தார். பார்வை முழுதாகப் போவதற்குள் ஒரு சொல் சொல்லிவிடவேண்டும். ஓம் அல்லது இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அவருடைய கட்டடத்தில் குழாய் மாற்றும் வேலை வந்தது. குளியலறையை உடைத்து, சுவரைத் திறந்து, ஐந்து கிழமைக்கு வேலைக்காரர் சாவியோடு வீட்டுக்குள் வந்து போவார்கள். குடியிருப்பவர்கள் வாகனத் தரிப்பிடத்தில் வைத்த தற்காலிகக் குளியல் பெட்டியில் போய்க் குளித்துவிட்டு வரவேண்டும். நாணயப் பெட்டியை என்ன செய்வது? அவர் அதைத் தூக்கிக்கொண்டு நான்கு நிறுத்தம் ரயிலில் வந்து, ஸ்டோவ்னரில் என் வீட்டு மேசையில் வைத்தார்.

"ஏன் என்னட்டை?" என்றேன்.

"நீங்கள் எண்ணுவியள். எண்ணுறவை தொலைக்கமாட்டினம். திறந்து எண்ணுங்கோ, ஆனா தொடவேண்டாம்."

முப்பத்தொன்று இருந்தது. முப்பது, கண்ணாடிக் கூட்டுக்குள். அந்த டொலர் மட்டும் ஒரு கடித உறைக்குள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எண்ணினேன். உறையை உறையாகவே எண்ணினேன். ஒன்பதாம் நாள் எனக்கு ஒரு பயம் பிடித்தது. உறை இருக்கிறது, உள்ளே இருக்கிறதா? திறந்தேன். இருந்தது. ஆனால் கரிச்சட்டியின் அடி மாதிரிக் கறுத்துப்போய் இருந்தது.

நான் கடைசியாகப் பார்த்தபோது அதிலிருந்து வெளிச்சம் வந்தது. அவருடைய மின்குமிழுக்குக் கீழே, அவருடைய விரல்களில். இப்போது என் குசினிக் குழல்விளக்கில் ஒரு சின்ன மினுக்கம்கூட இல்லை. மனைவி போனபிறகு நான் உடுப்பைக் குசினியிலேயே காயப்போடுகிறவன். ஜன்னலில் எந்த நேரமும் ஈரம். என்னுடைய வீட்டு ஈரத்தில்தான் கறுத்துப்போயிற்று, ஒன்பது நாளில் அவருடைய பதினொரு வருடத்தை நாசமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை. சொல்லவும் பயம். அவர் பார்த்தால் சொல்வார்.

வெள்ளி கறுத்தால் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்.

பழப்புளியை ஒரு பாக்களவு உருட்டினேன். போத்தலிலிருந்து குருத்தோலைச் சாம்பல் ஒரு கரண்டி. பக்கத்துக்கு நாற்பது தேய்ப்பு, எண்ணித்தான் தேய்த்தேன், ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையக்கூடாது. வெந்நீரில் கழுவி, பழைய நூல்சேலைத் துண்டால் துடைத்தேன். பீடத்தில் வைக்கலாம். அவ்வளவு வெள்ளை. உறைக்குள் வைத்துவிட்டு, அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

குழாய் வேலை முடிந்தது. பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் மேசையடியில் உட்கார்ந்து, சீலையை இழுத்துவிட்டு, மின்குமிழைப் போட்டு, முதலில் உறையைத்தான் திறந்தார். நான் கதவடியில் நின்றேன். நாணயத்தின் ஓரத்தைப் பிடித்தார், தலையை இடது பக்கம் திருப்பினார், சாய்த்தார். கை நின்றுவிட்டது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். எழுபத்திரண்டு வரை எண்ணினேன்.

"நல்லாயிருக்கு அண்ணை" என்றார்.

"மினுக்கினனான் தங்கச்சி. என்ரை குசினி ஈரத்திலை கறுத்துப்போச்சு, அதுதான்..."

"ஓம், தெரியுது. வடிவா மினுக்கியிருக்கிறியள்."

"அப்ப புரூஃப்தானே?"

"ஓம். புரூஃப்தான்."

பதினொரு வருடத்துத் தெரியாது தீர்ந்துவிட்டது. என் கையால்! எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் நாணயத்தை உறைக்குள் போட்டு என் பக்கம் தள்ளினார். "நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு இனி இதிலை பாக்க ஒண்டுமில்லை." நான் வாங்கிக்கொண்டேன். மூன்று கிழமை, ஸ்டோவ்னரிலிருந்து கோயில்வரை கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். பன்னிரண்டு பேருக்குக் காட்டியிருப்பேன்.

நாலாம் கிழமை, அதற்கொரு கண்ணாடிக் கூடு வாங்கலாம் என்று நகரத்தில் நாணயம் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான நோர்வேக்காரர். விளக்கில் ஒரு தடவை சாய்த்தார். பத்து விநாடி இருக்காது. "புஸ்ஸெட்" என்றார். மினுக்கப்பட்டது. தன்னுடைய கண்ணாடியை என்னிடம் தந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நாணயத்தில் இருக்கிற பெண்ணின் கன்னம், கழுத்து, வெற்றிடம் எல்லாம் கீறல். தலைமயிரை விட மெல்லிய, ஒரே வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போகும் கீறல்கள். எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் எண்ணி முடிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

"இதில் இருந்த கறுப்பு ஒன்பது நாளில் வந்திருக்காதா?" என்று கேட்டேன்.

"நூறு வருடம் எடுக்கும். அது இருந்திருந்தால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். இப்போது எது அச்சின் பளபளப்பு, எது துணியின் பளபளப்பு என்று நான் சொல்லமாட்டேன். பெரிய இடத்துக்கு அனுப்பிப் பாருங்கள். கண் நல்ல ஆள் யாராவது சொல்லக்கூடும்."

நேரே அம்மருட்டுக்குப் போனேன். நிலையத்திலிருந்து அவருடைய கட்டடத்துக்கு எத்தனை அடி என்று எனக்கு எப்போதும் தெரியும். அன்றைக்கு எண்ணவில்லை. அவர் புதிய குழாயடியில் கீரை கழுவிக்கொண்டிருந்தார். முகம் தெரியாவிட்டாலும் என் செருமலில் ஆளைக் கண்டுபிடித்தார்.

"ஏன் தங்கச்சி எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

கழுவிய கீரையை வடிதட்டில் வைத்தார். கையைத் துடைத்தார். எல்லாம் மெதுவாக.

"கதவடியிலை நீங்கள் நிண்ட நிலை எனக்குத் தெரிஞ்சது. உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலையே விழுந்து போவியள் போலை கிடந்தது. நெஞ்சுக்கு வேறை குளிசை போடுற ஆள்."

"பேசியிருக்கலாமே! செவிட்டைப் பொத்தி ரெண்டு தந்திருக்கலாமே! அதை நான் தாங்கியிருப்பன்."

"அம்மாவும் அப்பிடித்தான் கட்டிலிலை இருந்தவ" என்றார். "நான் படத்தைப் பாத்தன் அண்ணை. அவவைப் பாக்கேல்லை."

எனக்காகப் பரிதாபப்பட்டார், அதற்காக நன்றி சொல்லியிருக்கவேண்டும். ஆனால் நாணயம் போனதைவிட அது பெரிய நட்டமாகப் பட்டது. கண்ணில்லாமல் ஒரு ஆளால் இருக்க முடியும். இவர் எதை வைத்து இருந்தாரோ அதை நான் உரஞ்சி எடுத்துவிட்டேன் என்பது விளங்கியது. "பெரிய இடத்துக்கு அனுப்புவம், நான் பொறுப்பு" என்றேன். "அதுக்கென்ன, செய்யுங்கோவன்" என்றார், மழை வருமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல. நான் அனுப்பவில்லை. அவர் சொல்லாத சொல்லை வேறு யாரிடமிருந்து வாங்கி நான் என்ன செய்வது?

அந்தத் தை மாதம் அவர் தேடும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவில்லை. நான் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். "பாப்பம்" என்றார். மண்டபத்தில் அவருடைய மேசைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காப்பைக் கொண்டுவந்தார்கள், செபமாலையைக் கொண்டுவந்தார்கள், மகளுக்குப் பேசுகிற மாப்பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் கையில் வாங்கி, "நல்லாயிருக்கு" என்றார். கண்ணாடி கழுத்தில் இல்லை. "இப்ப எவ்வளவு நல்ல மனுசியா மாறிட்டா, பாத்தியளோ" என்று பெண்கள் என்னிடம் சொன்னார்கள். ஒரு ஞாயிறு பதினேழு பேர் அவரிடம் வந்துபோனதை எண்ணினேன். முந்தி மூன்று பேர் வந்தால் அதிகம்.

சித்திரையில், பெர்கனில் குடும்பமாக இருக்கும் அவருடைய மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தொலைபேசி எடுத்தால், சுகமாக இருக்கிறேன், மழை நன்றாக இருக்கிறது, கண்ணுக்கு ஊசி நன்றாகப் போடுகிறார்கள் என்கிறார்.

போவதற்கு முந்தின ஞாயிறு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். அவரைக் கோபப்படுத்த வேண்டும் என்ற ஒரே எண்ணம். பூசை முடிந்து அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தபோது, என் பையிலிருந்து நோர்வேயின் ஐந்து குரோனர் ஒன்றை எடுத்து அவருடைய கையில் வைத்தேன். இந்த நாட்டில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரியும், அந்தக் காசுக்கு நடுவில் ஓட்டை இருக்கும்.

"தங்கச்சி, இது ஒரு அமெரிக்க டொலர். புரூஃப் எண்டு சொல்லித் தந்தவங்கள். பாருங்கோ."

அண்ணை, உங்களுக்கு மண்டை பழுதோ என்று கேட்பார். அல்லது அதை என் முகத்தில் எறிவார். நான் காத்துக்கொண்டு நின்றேன். பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தலையைத் திருப்பவில்லை. பெருவிரலால் காசை ஒருமுறை தடவினார். விரல் ஓட்டையில் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"நல்ல சாமான் அண்ணை" என்றார். "கவனமா வைச்சிருங்கோ."